இரண்டரை ஏக்கர் புல்தரை: சிறிய டிராக்டரா, ஜீரோ டர்ன் மோவரா?

பச்சைவெளி:

வணக்கம். வெட்ட வேண்டிய புல்தரை சுமார் 2.5 ஏக்கர். ஆங்காங்கே 40 மரங்கள், நான்கைந்து பூப்பாத்திகள். பின்பக்கம் ஒரு சரிவு. சரிவைத் தாண்டி 1.5 ஏக்கர் கரட்டுப் புல். முழங்கால் உயரம் வரை வளர்ந்துவிடும். களிமண் நிலம், மழை பெய்தால் ஈரம் சீக்கிரம் வடியாது.

கையில் இருக்கும் தேர்வு இரண்டு. ஒன்று 25 ஹெச்பி சப்-காம்பேக்ட் (மிகச் சிறிய வகை) டிராக்டர். நான்கு சக்கர இழுவை, முன்னால் லோடர் (மண் அள்ளும் வாளி), வயிற்றுக்கடியில் 60 இன்ச் மோவர் டெக் (பிளேடுகள் சுழலும் தகட்டு உறை). மற்றொன்று 60 இன்ச் ஜீரோ டர்ன் மோவர், இரு நெம்புகோலால் நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டும் எந்திரம். டிராக்டர் என்றால் மண், எரு, ஜல்லி அள்ளவும் ஆகுமே என்று மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் புல்தரையில் டயர் தடம் விழுமோ, மரங்களைச் சுற்றி வெட்ட முடியுமோ என்ற கவலையும் இருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டியது: வெட்டின் தரத்தில் வித்தியாசம் எவ்வளவு? நேரம் எவ்வளவு மிச்சமாகும்? வயிற்று டெக்குக்குப் பதிலாக டிராக்டரின் பின்னால் மாட்டும் ஃபினிஷ் மோவர் போட்டால் நல்லதா?

கியர்பெட்டி:

முதலில் நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். கணக்கு எளியது: வெட்டும் அகலம் × வேகம் × பயன்விகிதம். திரும்புவதற்கும், மரத்தைச் சுற்றுவதற்கும், ஏற்கெனவே வெட்டிய இடத்தில் மறுபடி ஓடுவதற்கும் போகும் நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பயன்விகிதம்.

60 இன்ச் டெக் என்பது 1.52 மீட்டர். வரிசைக்கு வரிசை 10 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படிய ஓட்டினால்தான் இடையில் வெட்டாத கோடு (மீசை) விடாமல் இருக்கும். ஆகவே பயனுள்ள அகலம் 1.42 மீட்டர். ஜீரோ டர்ன் மணிக்கு 9 கிலோமீட்டரில் தாராளமாக வெட்டும். மரங்கள் இருப்பதால் பயன்விகிதம் 68 சதவீதம் என்று வையுங்கள். மணிக்கு சுமார் 8,700 சதுர மீட்டர். உங்கள் 2.5 ஏக்கர் 10,100 சதுர மீட்டர். ஒரு மணி 10 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதே 60 இன்ச் டெக்கை டிராக்டரின் வயிற்றில் மாட்டினால் வேகம் மணிக்கு 5 முதல் 6 கிலோமீட்டர்தான் வசதிப்படும். காரணம் இன்ஜின் பலம் மட்டுமல்ல. டிராக்டரின் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. சின்ன மேடு பள்ளமும் நேராக இருக்கைக்கு வரும், டெக்கும் துள்ளும். துள்ளிய இடத்தில் புல் அலை அலையாக நிற்கும். அதோடு, ஒவ்வொரு மரத்தையும் சுற்ற முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டும். பயன்விகிதம் 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மணிக்கு 3,900 சதுர மீட்டர் என்றால் மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். மரமே இல்லாத திறந்தவெளியாக இருந்தால் இந்த இடைவெளி குறையும். உங்களிடம் 40 மரங்கள் இருக்கின்றன.

புல் வேகமாக வளரும் பருவத்தில் வாரம் ஒரு முறையாவது வெட்டியே ஆக வேண்டும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது அடிப்படை விதி. 6 சென்டிமீட்டரில் வைக்க விரும்பினால் 9 சென்டிமீட்டர் ஆவதற்குள் வெட்டிவிட வேண்டும். வேலைக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தால் அது தள்ளிப்போகும். தள்ளிப்போனால் புல் உயர்ந்து, ஒரே வெட்டில் பாதியைக் கழிக்க நேரும். இலை போய்க் காம்பு மட்டும் மஞ்சளாகத் தெரியும், வேரும் சுருங்கும். புல்தரையின் தரம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான், டெக்கின் தரத்தால் அல்ல.

லோடரைப் பற்றியும் ஒன்று. ஒரு தாளில் அந்த நிலத்தில் ஆண்டு முழுக்க உண்மையாக நடக்கும் வேலைகளை எழுதி, எதிரே மணி நேரத்தைப் போடுங்கள். புல் வெட்டுக்கு ஆண்டில் 35 வாரம் என்றால் ஜீரோ டர்னில் 40 மணி நேரம், டிராக்டரில் 90 மணி நேரம். ஜல்லி, எரு, மண் வேலை 10 மணி நேரத்தைத் தாண்டுமா? தாண்டாது என்றால் 10 மணி நேர வேலைக்காக 90 மணி நேரம் பொருந்தாத எந்திரத்தில் உட்காருகிறீர்கள். லோடர் வேலையை வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். வாராந்தர வெட்டை அப்படி வைத்துக்கொள்வது கடினம்.

களிமண்:

கியர்பெட்டி நேரத்தைச் சொல்லிவிட்டார். உங்கள் நிலத்துக்கு அதைவிட முக்கியம் எடை என்பேன், களிமண் என்று சொல்வதால்.

சப்-காம்பேக்ட் டிராக்டர் வெறுமனே 600 முதல் 700 கிலோ இருக்கும். லோடர் 200க்கு மேல், டெக் 130க்கு மேல், ஓட்டுபவர் 75 என்று கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். 60 இன்ச் ஜீரோ டர்ன், கனமான தொழில்முறை வகையே 550 முதல் 600 கிலோ. வீட்டு உபயோக வகை 350 கிலோ சுற்றி. ஈரக் களிமண்ணில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மேலே தெரியும் பள்ளமாவது மறுபடி நிரவலாம்; மண்ணுக்குள் நடக்கும் இறுக்கம்தான் பெரிய கேடு. மண் துகள்களுக்கு இடையில் உள்ள காற்று வெளி நசுங்கி, நீர் இறங்காமல், வேர் ஆழம் போகாமல், டயர் ஓடும் தடத்தில் மட்டும் புல் மெலிந்துகொண்டே வரும்.

எந்த எந்திரம் வாங்கினாலும், இறக்கும் முன் குதிகாலால் நிலத்தை அழுத்திப் பாருங்கள். தடம் 1 சென்டிமீட்டருக்கு மேல் பதிந்தால் அன்று வெட்ட வேண்டாம். ஈரம் இருந்தாலும் தடம் பதியாத நாளில், வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றி வைத்து வெட்டலாம். ஒவ்வொரு முறையும் ஓட்டும் திசையை மாற்றுங்கள்: இந்த வாரம் நீளவாக்கில், அடுத்த வாரம் குறுக்கே, பிறகு மூலைவாட்டில். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பச் சக்கரம் விழுந்தால் இலகுவான எந்திரமும் வாய்க்கால் போடும்.

டிராக்டரின் டயர் வகையையும் கவனியுங்கள். ஆர்1 என்பது உழவு டயர். அதன் உயர்ந்த பட்டைகள் புல்தரையைக் கிழிக்கும், இங்கே ஒதுக்குங்கள். ஆர்4 என்பது தொழிற்சாலை வகை. லோடர் வேலைக்கு வலுவானது, காய்ந்த புல்லில் பரவாயில்லை, ஈரத்தில் அச்சு விழும். ஆர்3தான் புல்தரை டயர்: அகலம், ஆழமில்லாத கட்டைகள், காற்றழுத்தமும் குறைவு. ஆனால் ஈரச் சரிவில் ஆர்3 வழுக்கும். சேற்றில் கட்டைகளுக்கு இடையில் மண் நிறைந்துவிட்டால் வெறும் வழுவழுப்பான டயர்தான். ஆக, லோடருக்குப் பொருந்துவது புல்லுக்குப் பொருந்தாது, புல்லுக்குப் பொருந்துவது சேற்றுக்குப் பொருந்தாது. ஒரே எந்திரத்தில் எல்லா வேலையும் என்று கணக்குப் போடும்போது இந்த இடத்தில்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டு சமதளத்தில் இறுக்கமாகத் திரும்பாதீர்கள். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுழலும்படிதான் கியர் அமைக்கப்பட்டிருக்கும். திரும்பும்போது அவை புல்லைத் தேய்த்து உரிக்கும். சமதளத்தில் இரு சக்கர இழுவை போதும். சரிவில் மட்டும் நான்கையும் போடுங்கள். அதற்கு இழுவை மட்டும் காரணமல்ல: இந்த அளவு டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் பின் அச்சில்தான் இருக்கும். இறக்கத்தில் பின்பக்கம் எடை குறைந்து சக்கரம் வழுக்கினால் பிரேக்கே இல்லாத மாதிரி ஆகிவிடும். நான்கு சக்கர இழுவை போட்டிருந்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும்.

ஜீரோ டர்ன் புல்லைக் கிழிக்காது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு சக்கரத்தை நிறுத்தி மறு சக்கரத்தில் சுழன்றால், நின்ற சக்கரம் அந்த இடத்துப் புல்லை வட்டமாகத் திருகி எடுத்துவிடும். வரிசை முடிவில் இரு சக்கரமும் உருண்டுகொண்டே இருக்க வேண்டும்: சற்று வளைந்து முன்னே போய், பின்னால் எடுத்து, அடுத்த வரிசைக்கு நேராக வர வேண்டும். மூன்று அசைவு. பழகிவிட்டால் 5 நொடி கூட ஆகாது.

சரிவுக்காரன்:

டிராக்டர் பக்கமும் யாராவது பேச வேண்டும். பச்சைவெளி, உங்கள் 1.5 ஏக்கர் கரட்டுப் புல்லைப் பற்றி மேலே இருவரும் எதுவும் சொல்லவில்லை. முழங்கால் உயரப் புல்லுக்குள் ஜீரோ டர்னை விடுவது எந்திரத்துக்கு நல்லதல்ல. அதன் டெக் குட்டைப் புல்லை உறிஞ்சி நிமிர்த்தி வெட்டுவதற்காக அமைந்தது. உயரப் புல்லை முன் விளிம்பே மடக்கிப் படுக்கவைத்துவிடும். டெக்குக்குள் புல் அடைத்து பெல்ட் வழுக்கிச் சூடாகி எரியும். மறைந்து கிடக்கும் கல்லோ கட்டையோ பிளேடில் பட்டால் பிளேடைத் தாங்கிச் சுழலும் ஸ்பிண்டில் தண்டு வளையும், பேரிங் இரையத் தொடங்கும்.

டிராக்டர் வாங்குவதானால் வயிற்று டெக் மட்டுமே வழி என்றில்லை. பின்னால் மாட்டக்கூடியவை மூன்று.

ஃபினிஷ் மோவர் புல்தரைக்கானது. மூன்று பிளேடு, நான்கு சக்கரம், நிமிடத்துக்கு 540 சுற்று (ஆர்.பி.எம்.) சுழலும் பின் பி.டி.ஓ.வில், அதாவது இன்ஜின் பலத்தைக் கருவிக்குக் கொடுக்கும் முனையில் ஓடும். வெட்டு வயிற்று டெக்குக்கு ஈடாகவே இருக்கும், விலகாத ஒரு குறையோடு: டிராக்டர் டயர் முதலில் புல்லை மிதிக்கும், மோவர் பிறகு வரும். செழித்த, ஈரமான புல் மிதிபட்டால் உடனே நிமிராது. வெட்டி முடித்து ஒரு நாள் கழித்து இரண்டு கோடுகளாக எழுந்து நிற்கும். பின்னால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீண்டிருப்பதால் மரத்தைச் சுற்றும்போது வால் வீசும். மரப்பட்டையில் இடிக்காமல் ஓட்டக் கவனம் வேண்டும். வயிற்று டெக் இரு அச்சுகளுக்கு நடுவே இருப்பதால் நிலத்தின் மேடு பள்ளத்தோடு ஒட்டி வரும், கண்ணுக்கும் தெரியும். மரங்களுக்கிடையே அதுதான் மேல். ஆனால் கரட்டுக்குள் போகும் முன் அதைக் கழற்றியாக வேண்டும். தரைக்கும் அதற்கும் இடைவெளி போதாது.

இரண்டாவது ரோட்டரி கட்டர், ஸ்லாஷர் என்றும் சொல்வார்கள். புதர், கட்டைவிரல் தடிமன் செடி வரை வெட்டும். வெட்டு கரடுமுரடாக இருக்கும், கல்லைத் தூரமாக வீசும். அதன் தண்டில் ஒரு ஷியர் போல்ட் உண்டு: பிளேடு எதிலாவது மோதினால் அது அறுந்து கட்டரின் கியர்பெட்டியைக் காக்கும். அடிக்கடி அறுகிறதே என்று அதைவிட உறுதியான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை உடைவது கியர்பெட்டிதான். கையேட்டில் சொன்ன தரத்தில் நாலைந்து உதிரி போல்ட்களை டிராக்டரிலேயே வைத்திருங்கள்.

மூன்றாவது ஃப்ளெயில் மோவர். கிடைத்தண்டில் தொங்கும் சிறு கத்திகள் சுழன்று வெட்டும். முழங்கால் உயரப் புல்லையும் வெட்டும், நேர்த்தியான கத்தி போட்டால் புல்தரையையும் ஏறக்குறைய ஒழுங்காக வெட்டும். உறைக்குள்ளேயே நறுக்கித் தரையில் போடுவதால் கல் வீச்சு குறைவு, டிராக்டரை ஒட்டியே நிற்பதால் வாலும் குட்டை. எடை அதிகம், கத்திகளைத் தீட்ட நேரம் பிடிக்கும். ஒரே ஒரு எந்திரம்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், ஆர்3 டயர் போட்ட சப்-காம்பேக்ட், பின்னால் 48 இன்ச் ஃப்ளெயில் மோவர் என்று போவேன். வெட்டு முதல் தரமாக வராது, ஆனால் 4 ஏக்கரும் கட்டுக்குள் இருக்கும்.

பலத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் 25 ஹெச்பி என்று போட்டிருப்பது இன்ஜின் பலம். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டேடிக் டிரைவ் எடுத்ததுபோக பி.டி.ஓ.வில் 18, 19 ஹெச்பி கிடைத்தால் நல்லது. ஃபினிஷ் மோவருக்கு அடிக்கு 4 ஹெச்பியாவது வேண்டும் என்று கணக்கு வைத்தால் 5 அடி மோவருக்கு 20. விளிம்பில்தான் இருக்கிறீர்கள். செழித்த புல்லில் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும்.

பச்சைவெளி:

மூவருக்கும் நன்றி. நேற்று அளந்து பார்த்ததில் சில விவரங்கள் சேர்ந்தன. சரிவின் பெரும்பகுதி 1 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் ஏறுகிறது. ஓரிடத்தில் மட்டும் 24 சென்டிமீட்டர். அந்தச் செங்குத்தான பகுதியின் அடியில் எப்போதும் சற்று ஈரம். கரட்டுப் புல்லை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டினால் போதும். ஜல்லிப் பாதை வேலை ஆண்டுக்கு ஒரு முறை. இன்னொன்று: முன் பக்கத்துக்கும் பின் பக்கத்துக்கும் நடுவே ஒரு கேட் இருக்கிறது, அதன் அகலம் 1.45 மீட்டர்.

பழைய எந்திரம் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

கியர்பெட்டி:

கேட்டைச் சொன்னது நல்லதாயிற்று. 60 இன்ச் டெக் 1.52 மீட்டர், ஜீரோ டர்ன், வயிற்று டெக் இரண்டுமே அந்த வழியில் போகாது. 52 இன்ச் எடுங்கள், 1.32 மீட்டர். வெட்டிய புல் வெளியேறும் பக்கவாட்டுச் சரிவுத்தகட்டைத் தூக்கிக் கட்டினால் கேட்டைக் கடந்துவிடலாம். ஆனால் வாங்கும் மாடலின் மொத்த அகலத்தை, தகடு தூக்கிய நிலையில், டேப் வைத்து அளந்துவிட்டே பணம் கொடுங்கள். தகட்டைத் தூக்குவது பிளேடு நின்ற பிறகு, கேட்டைக் கடக்க மட்டும். தூக்கியபடி வெட்டினால் கல்லும் கம்பித் துண்டும் ஆள் மேல் பாயும்.

52 இன்ச்சில் அதே கணக்கு மணிக்கு சுமார் 7,500 சதுர மீட்டர் தரும், 2.5 ஏக்கருக்கு ஒரு மணி 20 நிமிடம். 60 இன்ச்சைவிட 10 நிமிடம்தான் கூடுகிறது. மரங்களுக்கிடையே அகலம் குறைந்த டெக் இன்னொரு வகையிலும் நல்லது: வேர்ப்புடைப்பு, மேடு மேல் ஓடும்போது டெக்கின் நடுப்பகுதி தரையைச் சுரண்டி மண் தெரிய வைப்பது குறையும்.

சரிவுக்கு வருவோம். 1 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்பது 8.5 டிகிரி, அதில் சிக்கலில்லை. 24 சென்டிமீட்டர் என்பது 13.5 டிகிரி. ஜீரோ டர்ன் கையேடுகள் பலவற்றில் உச்ச வரம்பு 15 டிகிரி, சிலவற்றில் 10. அந்த வரம்பே காய்ந்த, சமமான புல்லுக்குச் சொன்னது. அடியில் ஈரம் என்கிறீர்கள். ஜீரோ டர்னின் முன் சக்கரங்கள் தாமாகத் திரும்பும் கேஸ்டர் சக்கரங்கள். அவை திசையும் காட்டாது, பிரேக்கும் பிடிக்காது. பின் சக்கரம் வழுக்கிய கணமே ஸ்டியரிங், பிரேக் இரண்டும் ஒன்றாகப் போய்விடும். அந்தத் துண்டில் ஏறவே வேண்டாம். கைத்தள்ளு மோவரைச் சரிவுக்குக் குறுக்காக ஓட்டியோ, தோளில் மாட்டும் புல்வெட்டியாலோ முடித்துக்கொள்ளுங்கள். அல்லது அங்கே புல்லை எடுத்துவிட்டு, வெட்டே தேவைப்படாத படர்கொடியை நடுங்கள்.

மற்ற சரிவுகளில் உருளல் காப்பு வளைவை (கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பி) நிமிர்த்தி, சீட் பெல்ட் போட்டு ஓட்டுங்கள். கிளைக்கு அடியில் வளைவை மடக்கியே ஆக வேண்டும் என்றால் பெல்ட்டையும் கழற்றிவிட வேண்டும். மடக்கிய வளைவோடு பெல்ட் போட்டிருப்பவர் கவிழ்ந்தால் எந்திரத்தின் அடியிலேயே மாட்டிக்கொள்வார். ஏற்றத்தில் எந்திரம் திணறி நின்றால் பிளேடை நிறுத்திவிட்டு, நேராகப் பின்னால் மெதுவாக இறக்குங்கள். திருப்பப் பார்க்காதீர்கள்.

கரட்டுப் புல்லுக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை, ஃப்ளெயில் அல்லது ஸ்லாஷர் மாட்டிய டிராக்டரை வாடகைக்கு அழையுங்கள். ஜல்லியையும் அதே நாளில் லோடரில் பரப்பச் சொல்லலாம். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு டிராக்டர் வாங்குவதில் பொருளில்லை. சரிவுக்காரன் சொன்னதில் தவறில்லை, ஆனால் அது அந்த 1.5 ஏக்கரை மாதாமாதம் வெட்டுபவருக்குப் பொருந்தும்.

சரிவுக்காரன்:

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். வாடகை டிராக்டர் வரும் நாளை மண் காய்ந்திருக்கும் நாளாகப் பாருங்கள், உங்கள் களிமண்ணில் அது புல்தரையைக் கடந்துதான் கரட்டுக்குப் போகும். கேட்டிலும் நுழையாது, ஆகவே அதற்கு வேறு வழி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.

களிமண்:

பழைய ஜீரோ டர்ன் பார்க்கப் போனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் விதமும், புகையின் நிறமும் நிறையச் சொல்லும். ஆனால் பணம் விழுங்குவது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, ஹைட்ரோஸ்டேடிக் டிரைவும் டெக்கும்தான்.

டிரைவைச் சோதிக்க அரைமணி நேரமாவது ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். அதன் பிறகு சரிவில் ஏற்றுங்கள். குளிரில் நன்றாக இழுத்து, சூடானதும் ஒரு பக்கம் தளர்ந்தால் அந்தப் பம்ப் தேய்ந்துவிட்டது. சமதளத்தில் இரு நெம்புகோலையும் முழுதாகத் தள்ளினால் நேராகப் போக வேண்டும். சற்று விலகினால் இணைப்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம், அதிகம் விலகினால் யோசியுங்கள்.

டெக்குக்கு: சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, தடித்த கையுறையோடு ஒவ்வொரு பிளேடின் நுனியையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. கையால் சுழற்றும்போது கரகரவென்ற ஒலி வந்தாலும் அதே பொருள். ஸ்பிண்டில் பொருத்திய இடத்தைச் சுற்றித் தகட்டில் வெடிப்போ, பற்றவைத்த தழும்போ இருக்கிறதா என்று கீழிருந்து பாருங்கள். பெல்ட்டின் ஓரம் மட்டும் நார்நாராகப் பிய்ந்திருந்தால் புல்லி வரிசை விலகியிருக்கிறது. புது பெல்ட் போட்டாலும் சில மணி நேரத்தில் அதுவும் பிய்ந்துபோகும்.

வாங்கியதும் முதல் வேலை டெக்கைச் சமன் செய்வது. வெட்டு சரியில்லை என்று பிளேடை மாற்றுபவர்கள் பலர். பாதிப் பேருடைய சிக்கல் டயர் காற்றில் இருக்கும். இடது வலது டயர் அழுத்தத்தை முதலில் சமமாக்குங்கள், கையேட்டில் சொன்ன அளவுக்கு. பிறகு சமமான தளத்தில் நிறுத்தி, பிளேடைக் குறுக்காகத் திருப்பி, வெட்டும் நுனியிலிருந்து தரை வரை இரு ஓரத்திலும் அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அடுத்து பிளேடை நீளவாக்கில் திருப்பி முன் நுனியையும் பின் நுனியையும் அளங்கள். முன் நுனி பின்னதைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். இப்படி இருந்தால் புல் முன்பக்கத்தில் ஒரே முறை வெட்டுப்படும். பின் நுனி தாழ்ந்தால் வெட்டிய புல்லையே பிளேடு மறுபடி இழுக்கும். இன்ஜின் திணறும், வெட்டுமுனை கிழிந்து பழுப்பாகும். முன் நுனி அளவுக்கு மேல் தாழ்ந்தாலோ மேடுகளில் சுரண்டும். சுரண்டல் தடுப்புச் சக்கரங்கள் தரையைத் தொடக்கூடாது, 6 முதல் 12 மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். வெட்டும் உயரத்தை மாற்றும்போதெல்லாம் அவற்றையும் மாற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டும்போது திராட்டில் (இன்ஜின் வேகக் கட்டுப்பாடு) முழுதாக இருக்கட்டும். நல்ல டெக்கில் பிளேடு நுனி நொடிக்கு 90 மீட்டர் சுற்றி ஓடும். புல்லை நிமிர்த்தும் காற்றோட்டமும் அதிலிருந்துதான் வருகிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்க ஆர்.பி.எம்.மைக் குறைத்தால் புல் நிமிராது, கோடு கோடாக விடும். மெதுவாகப் போக வேண்டுமானால் நெம்புகோலைக் குறையுங்கள், திராட்டிலை அல்ல.

பிளேடைத் தீட்டியதும் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிச் சமநிலை பாருங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்தைச் சற்றுக் கூடுதலாகத் தேயுங்கள். சமநிலை இல்லாத பிளேடின் அதிர்வு ஸ்பிண்டில் பேரிங்கைத் தின்றுவிடும். டெக்கின் மேல்பக்கத்தைப் பிரஷர் வாஷரால் கழுவுவதும் அதே பேரிங்குகளைத்தான் கெடுக்கும், நீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். காய்ந்த புல்லை பிளோயரால் ஊதிவிட்டாலே போதும்.

புல்நுனி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இங்கே சப்-காம்பேக்ட் டிராக்டர் ஏற்கெனவே இருக்கிறது, பின் ஃபினிஷ் மோவர் மட்டும் வாங்கப் போகிறோம். பி.டி.ஓ. தண்டு நீளமாக வரும், வெட்ட வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு வெட்டுவது?

சரிவுக்காரன்:

அளக்காமல் வெட்டாதீர்கள், குட்டையாகிவிட்டால் வேறு தண்டுதான் வாங்க வேண்டும். மோவரைத் தண்டு இல்லாமல் டிராக்டரின் பின்னுள்ள மூன்று புள்ளி இணைப்பில் (இரண்டு தூக்கும் கைகள், ஒரு மேல் இணைப்பு) மாட்டுங்கள். இன்ஜினை நிறுத்தியபடியே மோவரின் உயரத்தை மாற்றி மாற்றி, டிராக்டரின் பி.டி.ஓ. முனைக்கும் மோவர் கியர்பெட்டி முனைக்கும் இடைவெளி எங்கே மிகக் குறைவு என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் வரும்போதுதான் அது. அந்த உயரத்தில் மோவருக்குக் கட்டை முட்டுக்கொடுங்கள், ஹைட்ராலிக்கை நம்பி விடாதீர்கள்.

தண்டின் இரு பாதிகளையும் பிரித்து, ஒன்றை டிராக்டரிலும் மற்றதை மோவரிலும் மாட்டி, பக்கம் பக்கமாகப் பிடியுங்கள். ஒன்றின் நுனி மற்றதன் உறைக்குள் எங்கே முட்டும் என்று தெரியும். முட்டும் இடத்துக்கு 25 முதல் 40 மில்லிமீட்டர் முன்பாகவே நிற்கும்படி குறியிட்டு, உள்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்டிக் காப்புறை எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டுங்கள். இடைவெளி விடாமல் முட்டினால் தூக்கும்போது தண்டு தள்ளி டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங் உடையும். வெட்டிய விளிம்பின் பிசிறை அரத்தால் எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவிச் சேருங்கள்.

பிறகு மறுபக்கமும் சோதியுங்கள்: இடைவெளி மிக அதிகமாகும் நிலையில் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்கு நீளமாவது நுழைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுமையில் வளைந்துவிடும். காப்புறையின் சங்கிலிகளை இரு முனையிலும் கட்டிவிடுங்கள். உறை தண்டோடு சேர்ந்து சுழலக்கூடாது.

மாட்டியதும் ஒரு சரிபார்ப்பு. ஃபினிஷ் மோவர் தன் சொந்தச் சக்கரத்தில்தான் ஓட வேண்டும், டிராக்டர் கையில் தொங்கக்கூடாது. தூக்கும் கைகளை முழுதாக இறக்கிவிடுங்கள். மேல் இணைப்பு மோவரின் நீள்துளைக்குள் முன்னும் பின்னும் அசையும்படி இருக்கட்டும். இறுக்கிவிட்டால் டிராக்டர் மூக்கு பள்ளத்தில் இறங்கும்போது மோவரின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், அந்த இடத்தில் புல் வெட்டாமல் நிற்கும். மோவரைத் தூக்கியபடி சரிவில் ஏறும் முன் முன்பக்கம் இலேசாகிறதா என்றும் பாருங்கள். 60 இன்ச் ஃபினிஷ் மோவர் 220 கிலோவுக்கு மேல். லோடர் கழற்றியிருந்தால் முன்னால் எடைக்கட்டிகள் மாட்ட வேண்டிவரும்.

தண்டின் இரு சிலுவை மூட்டுகளுக்கும் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ் அடியுங்கள். மோவரின் மூன்று ஸ்பிண்டில்களுக்கும் அப்போதே அடித்துவிடலாம்; கிரீஸ் நிப்பிள் எங்கே என்று தெரியாவிட்டால் பெல்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கும்.